தூதுவரின் வண்டியும் வரிவிலக்கும்

கி.பி. 1708 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், இலண்டன் மாநகரத் தெருவிலே சென்றுகொண்டிருந்த கோச்சு வண்டியொன்றைச் சிலர் மறித்தனர். உள்ளே இருந்தவரை வலிந்து இறக்கிக் கைதுசெய்தனர். அவர் ருஷ்ய மன்னர் மகா பீட்டரின் தூதுவராகிய அந்திரேய் மத்வேயெவ் என்பார். ஆன் அரசியாரிடம் விடைபெற்று, தாயகம் திரும்பவிருந்த வேளை அது. 50 பவுண் கடனைத் தீர்க்காமலே சென்றுவிடுவாரோ என அஞ்சியவர்களே அவரைப் பிடிப்பித்தனர்.

பீட்டர் மன்னர் பெருஞ்சினங்கொண்டு, குற்றம் புரிந்தோருக்கு மரணதண்டனை விதிக்கவேண்டுமெனக் கேட்டார். ஆனால் அவ்வாறு தண்டிப்பதற்கு இங்கிலாந்திலே சட்டம் இருக்கவில்லை. ஆகவே பாராளுமன்றம் 1709 இல் புதிய சட்டமொன்றை இயற்றிற்று. தூதுவரையேனும் அவர்தம் பணியாளரையேனும் கைதுசெய்யவும், அவர்கள் உடைமையைப் பறிக்கவும் பிறப்பிக்கப்படும் கட்டளைகள் யாவும் செல்லாவென அது விதித்தது. வனப்புற எழுதிய அதன் பிரதியொன்று மன்னருக்கு அனுப்பப்பட்டது.

கடன் கொடுத்தவன் செய்த பிழை யாது என்னும் வினா எழுதல் இயல்பே. அச்சட்டமும் இதனை முற்றாக மறந்துவிடவில்லை. தூதுவரின் பணியாளர் எனச் சொல்லிக்கொண்டு வணிகர் எவரும் கடனினின்று தப்புதல் கூடாது என்றும், பணியாளர் பெயர்கள் அரசாங்க அலுவலகத்திற் பதியப்படல்வேண்டும் என்றும் வரையறை செய்தது. சலுகை பிறந்தபோதே அதற்கு வேலியும் இடப்பட்டது.

1964 வரை நிலவிய அச்சட்டத்தின் இடத்தை, 1961 இல் வியன்னாவில் நிறைவேறிய உடன்படிக்கையைத் தழுவிய புதிய சட்டம் பெற்றது. இன்று உலகநாடுகள் பெரும்பாலும் ஏற்றிருப்பது அவ்வுடன்படிக்கையே. தூதுவர் தம் பாவனைக்கு மோட்டார் வண்டியை இறக்குமதி செய்தால் சுங்கவரி இல்லை. தூதரக வண்டியைச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் இயலாது. எனினும் பொருளைக் களஞ்சியத்தில் வைத்தமைக்குரிய கூலியும், பெற்ற சேவைக்குரிய கட்டணமும் விலக்குப் பெறா. விலக்குப் பெற்ற வண்டியை அவ்வுரிமை இல்லாதார்க்கு விற்குமிடத்து, பல நாடுகளில் வரி மீண்டும் உயிர்பெறும். சலுகை தனிமனிதர் நலத்துக்கன்று, தூதுப்பணி செவ்வனே நடைபெறற்கே என்பதை உடன்படிக்கையின் முகவுரையே கூறுகின்றது.

வரி யாது, கட்டணம் யாது என்னும் பிரிவே இன்றைய பிணக்கின் வேர். 2003 பெப்ரவரி 17 ஆம் நாள் முதல், நெரிசல் மிக்க மத்திய இலண்டனுள் நுழையும் வண்டிகளிடம் நாளொன்றுக்கு 5 பவுண் அறவிடப்பட்டது. 2005 ஜூலையில் அது 8 பவுணாக உயர்ந்தபோது, இது வரியே எனக்கூறி அமெரிக்கத் தூதரகம் செலுத்த மறுத்தது. சாலைச் சேவைக்கான கட்டணம் என்பது நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் வாதம். பெரும்பாலான தூதரகங்கள் செலுத்திவரினும், ஏனையவை தரவேண்டிய நிலுவை, தண்டப்பணமும் சேர்ந்து, 2023 முடிவில் 14 கோடி பவுணைக் கடந்தது. வண்டியைப் பறிமுதல் செய்ய இயலாதாகையால், அறவிடும் வழியும் அரிதாயிற்று.

அந்நகரில் அம்புலன்ஸ் வண்டிகளும் தீயணைப்பு வண்டிகளும் இக்கட்டணத்தினின்று நீங்கியுள்ளன. அதனை எவரும் குறைகூறுவதில்லை. நோயாளியை ஏற்றிச்செல்லும் பணிக்கே அவ்விலக்கு. ஓட்டுநர் தம் சொந்த வண்டியில் வந்தால் ஏனையோரைப் போலவே பணம் செலுத்துவார். தூதுவர்க்குரிய விலக்கும் இவ்வகையினதே. பணியைக் காக்கும் அளவும் அது நீதியாகும். அவ்வெல்லையைக் கடக்குமிடத்து, அதன் பாரம் ஊரவர் தலையிலேயே விழும்.