ஆண்டை காதில் விழுந்த பாட்டு

எங்க ஆயாவுக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டு 'நந்தனார்' படத்துப் பாட்டுதான். 1942இல் ஜெமினி எடுத்த படம். தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடியது. திருத்தணிப் பக்கம் டெண்ட் கொட்டாயில், மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தாளாம்.

1947 சட்டம் எங்கள் சனங்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்டது. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும்போது ஆயா கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருப்பாள். லீவு கேட்டால், "நட்டு முடிச்சிட்டுப் போ" என்பான் ஆண்டை. உடனே, சிதம்பரம் போக நந்தன் கெஞ்சும் பாட்டை அவன் காதில் விழும்படி எடுத்து விடுவாளாம். கூட நடுகிற பொம்பளைங்க குனிஞ்சபடியே சிரிப்பாங்களாம்.

எம்.ஏ. படிக்கும்போது பெரியபுராணத்தைப் புரட்டினேன். சேக்கிழாரின் நந்தனார் உத்தரவு கேட்க அங்கே ஆண்டையே இல்லை. அந்த வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரக் கீர்த்தனை. அதை ஊரூராகக் கொண்டுபோனது சினிமா. நெருப்பில் இறங்குவது மட்டும் புராணத்திலும் கீர்த்தனையிலும் உண்டு.

படத்தின் அரசியலை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, கெஞ்சுகிற பாட்டை எங்க ஆயா கேலிப் பாட்டாக்கிப் பாடினாள். அதையும் வரலாற்றில் எழுதுங்கள்.