ஒப்பாரிக் கோச்சி

ரயிலுக்கு யாராவது ஒப்பாரி என்று பெயர் வைப்பார்களா? இலங்கையின் மலையகத்தில் வைத்தார்கள். ரயிலை அங்கே 'கோச்சி' என்பார்கள். தலைமன்னார் போன கோச்சி, 'ஒப்பாரிக் கோச்சி'!

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேர்? 'அப்புறம் பார்த்துக்கலாம்!' 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், வகுத்தல் கணக்கு ரொம்ப சுத்தம்.

ஆனால் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரே சுவர்தான் ரெண்டு குடும்பத்துக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இந்தியா பாஸ்போர்ட், அந்தப் பக்கம் இலங்கைப் பிரஜை. கூடவே கொழுந்து பறித்தவள் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். விசில் ஊதினால் மொத்த பிளாட்பாரமும் அழும்.

அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். சிலருக்கு நீலகிரியில் மறுபடியும் தேயிலை. இவர்களுக்காகவே 1968-ல் அங்கே அரசுத் தோட்டம் தொடங்கியிருந்தார்கள்.

நம்ம ஆட்கள் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்களே! 'போயிட்டு வாறேன்' என்றுதான் கையசைத்திருப்பார்கள். 1984-ல், போருக்கு நடுவே, அந்தக் கப்பலும் நின்றுபோனது.