கொல்லாத பட்டு

நம் வீட்டுக் கல்யாணங்களில் பட்டு இல்லாத முகூர்த்தம் ஏது? ஆனால் பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலிருந்தே மகா பெரியவர் பட்டு வேண்டாம் என்றார். கூட்டுக்குள் இருக்கும் உயிரைக் கொன்றால்தான் இழை அறாமல் நீளமாக வரும்.

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், அவர் துணைவியார் ஜானகி அம்மாள், கொல்லாமல் நெய்த பட்டு கிடைக்குமா என்று கேட்டாராம். ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜய்யா அதை மனதில் வாங்கிக்கொண்டார். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு நூல் எடுத்தார். அறுந்த இழை என்பதால் பஞ்சுபோல் நூற்க வேண்டும். பளபளப்பு குறைவு, விலை அதிகம். அஸ்ஸாமின் எரிப் பட்டுக்கூட்டுக்கோ இயல்பிலேயே ஒரு முனை திறந்திருக்கும்.

என் மனைவியின் கூறைப்புடவையை நான் குறை சொல்ல மாட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு மட்டும் மினுக்கம் குறைந்ததைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.