தையல் பொறியும் பட்டதாரியும்: வங்கதேச வளர்ச்சியின் வேலைவாய்ப்புச் சிக்கல்

2024 ஜூலையில் வங்கதேச மாணவர்கள் தெருவில் இறங்கியது அரசுப் பணிக்கான இடஒதுக்கீட்டை எதிர்த்து. ஐந்து வாரத்துக்குள், ஆகஸ்ட் 5 அன்று, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட ஷேக் ஹசீனா நாட்டை விட்டே வெளியேறினார். இடையில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட நாடு இது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தோர் 2000-இல் 48.9 விழுக்காடு, 2022-இல் 18.7. அப்படிப்பட்ட நாட்டில், ஆண்டுக்குச் சில ஆயிரம் அரசுப் பணியிடங்களுக்காக ஒரு தலைமுறை ஏன் துப்பாக்கிக்கு முன் நின்றது?

2014, 2018, 2024 தேர்தல்கள் நடந்த விதமும் அடக்குமுறையும்தான் காரணம் என்பார்கள். ஆட்சி கவிழ்ந்ததற்கு அது சரியான விளக்கம். ஆனால் நெருப்பு ஏன் வாக்குச்சாவடியில் பற்றாமல் பணித்தேர்வில் பற்றியது என்பதை அது விளக்காது. படித்தவர்களை வேண்டாத ஒரு வளர்ச்சியை வங்கதேசம் நாற்பது ஆண்டுகளாகக் கண்டுவந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வளர்ச்சியின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். பணக்கார நாடுகள் துணி, ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக அளவு விதித்த பல்லிழை ஒப்பந்தம் 1974-இல் நடைமுறைக்கு வந்தது. தென்கொரியாவுக்கு அந்த அளவு போதவில்லை. அளவு விதிக்கப்படாத ஏழை நாடு ஒன்று தேவைப்பட்டது. அரசு அதிகாரியாக இருந்து தொழிலுக்கு வந்த நூருல் காதர், தேஷ் கார்மெண்ட்ஸ் நிறுவனத்துக்காகக் கொரியாவின் டேவூவுடன் உடன்பாடு செய்துகொண்டார். 1979-இல் 130 பேர் பூசானுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினர். சில ஆண்டுகளுக்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டு விலகிச் சொந்த ஆலைகளைத் தொடங்கினர், அல்லது பிற ஆலைகளில் சேர்ந்தனர். அரசு இரண்டு வசதி செய்துகொடுத்தது. ஒன்று, சுங்கம் கட்டாமல் துணியை இறக்கி வைக்கும் பிணைக் கிடங்கு. மற்றொன்று, வாங்குபவரின் கடன் கடிதத்தையே ஈடாகக் காட்டித் துணிக்கு மற்றொரு கடன் கடிதம் திறக்கும் முறை. துணி வெளிநாட்டுடையது, வடிவமைப்பும் சந்தையும் வெளிநாட்டுடையவை. உள்ளூரில் சேர்ந்தது தையல் கூலி.

இன்று ஏற்றுமதி வருவாயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஆயத்த ஆடை தருவதே. ஏறத்தாழ 40 லட்சம் பேர் அதில் வேலை செய்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத கிராமப் பெண்களுக்கு முதன்முதலாகக் கையில் சம்பளம் தந்தது இத்தொழில். அதைக் குறைத்து மதிப்பிடும் எந்த ஆய்வும் நேர்மையானதன்று. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டதும் இத்தொழிலின் வரலாறே. தொடக்கநிலைத் தொழிலாளிக்கான மாதக் குறைந்தபட்ச ஊதியம் 2018-இல் 8,000 டாகா. 2023-இல் தொழிலாளர் கேட்டது 23,000, கிடைத்தது 12,500. நாடாளுமன்ற உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் வணிகர்களாக இருந்த நாட்டில், ஆலை முதலாளிகளும் அங்கே உட்கார்ந்திருக்க, வேறு எண் வந்திருந்தால்தான் வியப்பு.

இந்த ஆலையில் பட்டதாரிக்கு என்ன வேலை? 1992-இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் உபசிலா (துணை மாவட்ட) நகரங்கள்வரை பரவின. உயர்கல்வி மாணவரில் பெரும்பகுதியினர் அங்கேதான் படிக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வரலாற்றுப் பட்டமும் அரசியல் அறிவியல் பட்டமும் தையல் வரிசையில் செல்லாது. அதற்கு மேற்பட்ட நிலையிலும் இடம் இல்லை. உற்பத்தி மேலாளர், தர ஆய்வாளர், ஆர்டர் பிடிக்கும் வணிக அலுவலர் போன்ற நடுநிலைப் பொறுப்புகளில் இலங்கையரும் இந்தியரும் கணிசமாக இருக்கிறார்கள். திருப்பூர்க்காரர்கள் வங்கதேசத்தைப் போட்டியாளராகவே பேசுவார்கள். திறனுக்குச் சம்பளம் கொடுக்கும் சந்தையாகவும் அது இருப்பதைக் குறைவாகவே கவனிக்கிறோம். உள்நாட்டில் பட்டதாரி வேலை தேடி அலைய, அதே நாட்டு ஆலை வெளிநாட்டு மேலாளரை அமர்த்துகிறது. படித்தவர்கள் ஆலை வேலையை இழிவாக நினைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது. அவர்களை அந்த நாற்காலிக்கு ஆயத்தப்படுத்தும் படிப்பே போதிய அளவில் இல்லை.

2022 தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒட்டுமொத்த வேலையின்மை 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பட்டதாரிகளிடையே அதைப்போல் மூன்று மடங்கு. முதல் எண் ஏமாற்றும். வேலையில் இருப்போரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். ஏழைக்கு வேலையின்றி இருக்கக் கட்டுபடியாகாது. காத்திருக்க முடிந்தவர் பட்டதாரி. அவர் காத்திருப்பது அரசுப் பணிக்காக, அதிலும் பி.சி.எஸ். எனப்படும் வங்கதேசக் குடிமைப் பணித் தேர்வுக்காக. 2015 ஊதியத் திருத்தம் அரசுச் சம்பளத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியபின் இந்தக் கூட்டம் பெருத்தது. 41-ஆவது பி.சி.எஸ். தேர்வில் சுமார் இரண்டாயிரம் இடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். டாக்கா பல்கலைக்கழக நூலக வாசலில் விடியுமுன் நிற்கும் வரிசை ஆராய்ச்சிக்காக நிற்பதன்று.

2018 வரை அரசுப் பணியிடங்களில் 56 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் போனது. விடுதலைப் போராளிகளின் வழியினருக்கு மட்டும் 30. தமிழகத்தின் சமூகநீதி இடஒதுக்கீட்டை மனத்தில் வைத்து இதைப் படிப்பது தவறு. பேரப்பிள்ளைகள்வரை நீண்ட இந்த ஒதுக்கீடு, ஆளுங்கட்சிக்கு நெருக்கமானோரின் சலுகையாகவே பார்க்கப்பட்டது. 2018-இல் மாணவர் போராட்டத்துக்குப் பின் நீக்கப்பட்டதை 2024 ஜூனில் உயர்நீதிமன்றம் மீட்டது. ஜூலை 21 அன்று மேல்முறையீட்டு அமர்வு 93 விழுக்காட்டைத் தகுதிக்கு விட்டது. போகிற போக்கில் பெண்களுக்கான 10 விழுக்காடும் போயிற்று. அதைப் பற்றி வெற்றிக் களிப்பில் அதிகம் பேர் பேசவில்லை.

அரசே கூடுதல் ஆசிரியரையும் செவிலியரையும் அமர்த்தியிருக்கலாமே என்றால், பணம் எங்கே? வரி வருவாய் உள்நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காட்டுக்கும் கீழேயே நிற்கிறது; உலகின் மிகக் குறைந்த விகிதங்களுள் ஒன்று. ஆடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வருமான வரி 12 விழுக்காடு, பசுமைச் சான்று பெற்றவற்றுக்கு 10. மற்ற தொழில்களுக்கு இதைவிட வெகு அதிகம். பிறக்கும்போது கொடுத்த புட்டிப்பாலை நாற்பது வயதிலும் நிறுத்தவில்லை. ஹசீனா வெளியேறிய பின் பொருளியலாளர் தேவப்பிரிய பட்டாச்சார்யா தலைமையில் அமைந்த வெள்ளை அறிக்கைக் குழு, 2009 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,600 கோடி டாலர் முறைகேடாக வெளியேறியதாகக் கணித்தது. இந்த மதிப்பீட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வாதம் மாறாது.

இனி வருவது கடினமான கட்டம். மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24-ஐ ஐ.நா. பொதுச்சபை 2021-இல் குறித்தது. அப்படி வெளியேறிய பின் ஐரோப்பியச் சந்தையில் மூன்றாண்டுகள் சலுகை நீடிக்கும். அதன் பிறகு வரிச்சலுகை வேண்டுமானால் தைப்பது மட்டும் போதாது. துணியும் உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். பின்னலாடைக்கு இது பெரிய தடையன்று, நூலில் பெரும்பகுதி உள்ளூர் ஆலைகளிலேயே நூற்கப்படுகிறது. சட்டையும் காற்சட்டையும் தைக்கும் ஆலைகள்தாம் சீனத் துணியை நம்பியிருக்கின்றன.

முதலாளிகள் சங்கங்கள் இதை ஆபத்தாக மட்டுமே பார்த்து வெளியேறும் நாளைத் தள்ளிப்போடக் கேட்கின்றன. என் கணிப்பு வேறு. நெசவுக்கும் சாயத்துக்கும் வேதியியலாளரும் பொறியாளரும் ஆய்வகப் பணியாளரும் வேண்டும். தையல் ஆலை ஒருபோதும் கேட்காத படிப்பை இவை கேட்கும். அதற்கு இணைப்புக் கல்லூரிகளின் பாடத்திட்டம் மாற வேண்டும், சலுகை வரி ஆடை நிறுவனத்திடமிருந்து துணி ஆலைக்கு நகர வேண்டும். இரண்டுக்கும் முன்பாக, டாக்காவை அடுத்த காசிப்பூரிலும் நாராயண்கஞ்சிலும் இருக்கிற நூற்பாலைகளே எரிவாயு அழுத்தம் போதாமல் பொறிகளை நிறுத்தி வைக்கும் நிலை தீர வேண்டும்.