சுலைமானிய்யா பள்ளிவாசலின் கூலிக் கணக்கு



இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளிவாசலின் படத்தைக் கலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியது யார் என்று கேட்டால் சுல்தான் சுலைமான் என்போம். கொஞ்சம் வாசித்தவர்கள் கட்டடக் கலைஞர் சினான் என்பார்கள். கல் கொத்தியவர் யார், சாந்து குழைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆனால் அதற்கும் பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த வேலை 1550 இல் தொடங்கியது. பள்ளிவாசல் 1557 இல் திறக்கப்பட்டது. அந்த வேலைத்தளத்தின் கணக்குக் கொப்பிகள் இன்றும் இருக்கின்றன. ஓமர் லுத்ஃபி பார்கன் என்ற துருக்கிய வரலாற்றாசிரியர் அவற்றை வரிவரியாக ஆராய்ந்து, 1970களில் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். தொழிலாளியின் பெயர், ஊர், தொழில், நாட்கூலி எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. அவர் எண்ணிய கைவினைஞர்கள் 3,523 பேர். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். ஆம், பேரரசின் மிகப் பெரிய பள்ளிவாசல் வேலையில்தான்.

தொழில் வாரியாகப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். சுவர் கட்டியவர்களிலும் கொல்லர்களிலும் கிறிஸ்தவர்கள் அதிகம். தச்சர்களில் முஸ்லிம்கள் அதிகம். கல் கொத்துபவர் அளவாகக் கொத்திக் கொடுத்தால்தான் சுவர் கட்டுபவர் அதை வைக்க முடியும். கல்லோடு கல்லை இறுக்கும் இரும்புப் பிடியைக் கொல்லர் அடித்துத் தரவேண்டும். குவிமாடம் எழுந்த பிறகுதான் ஈயத் தகடு போடுபவருக்கு வேலை. இதில் ஒருவர் மற்றவரை மட்டம் தட்டிக்கொண்டிருந்தால் சுவர் எழும்பியிருக்காது.

இதையெல்லாம் நடத்திய சினானும் தச்சுத் தொழில் பழகி, படையில் பாலம் கட்டி மேலே வந்தவர்தான். அவர் தன் நண்பர் சாயிக்குச் சொல்லி எழுதுவித்த நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் வருகிறது. திறப்பு நாளில் சாவி சுல்தானின் கையில் இருந்தது. கதவைத் திறக்கத் தகுதியானவர் யார் என்று கேட்டுவிட்டு, அதைச் சினானிடமே கொடுத்தாராம்.

எல்லாமே அழகாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளையும் அந்த வேலையில் இறக்கினார்கள். மொத்த வேலை நாட்களில் சுமார் 5 வீதம் அவர்களுடையது. சாவி கிடைத்ததும் சினானுக்குத்தான், கல் சுமந்தவருக்கு அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கூலிக்கு வந்த மனிதரின் பெயரும் ஊரும் எழுதப்பட்டதால்தான், 450 வருடங்களுக்கு மேலாகியும் அவர் யார் என்று நமக்குத் தெரிகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மேசனை 'பாஸ்' என்கிறோம். ஒல்லாந்தர் விட்டுப்போன மரியாதைச் சொல் அது. அதே இடத்தில் கல் தூக்கிக் கொடுக்கும் கையாளை, தகப்பன் வயதில் இருந்தாலும், 'டேய்' என்கிறோம். நேற்றுப் பூசிய சுவரை வயர் வேலைக்காரர் இன்று வந்து கொத்துகிறார், பூசியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெயின்ட் அடிப்பவர் வந்து இருவரையும் ஏசுகிறார். ஒரே வீட்டில் சிங்கள பாஸும் தமிழ் மேசனும் நம் பையனும் வேலை செய்யும்போது, இந்த ஏச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளிவாசல் வேலை முடிந்ததும் கல்வெட்டு வைக்கிறோம். அடிக்கல் நட்டவர், திறந்து வைத்தவர், நிதி தந்தவர் பெயர்கள் எல்லாம் இருக்கும். கட்டியவர் பெயர் இருக்காது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கூலியை 'அடுத்த கிழமை பார்ப்போம்' என்றும் இழுக்கிறோம்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்கள். பாஸ் முதல் கையாள் வரை எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். கிழமைக்குக் கிழமை கணக்கை முடியுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குமுன் இரண்டு பாஸ்மாரையும் ஒன்றாக நிறுத்திப் பேசவிடுங்கள். ஒரு கொப்பியின் விலைதான் செலவு.

கல்வெட்டில் இடம் போதாவிட்டால் அமைச்சர் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடுங்கள். தப்பில்லை.