கரிசல் மண்ணைத் தொட்ட கடல் கடந்த போர்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர், திருமங்கலத்தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் கறுத்து வருவதைக் காண்பர். விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி என்று விரியும் அந்தக் கரிசல் நிலத்தில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விதைத்து வந்தனர். போர் என்றால் பாஞ்சாலங்குறிச்சியும் சிப்பாய்க் கலகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், 1861 முதல் 1865 வரை அமெரிக்க மண்ணில் நடந்த உள்நாட்டுப் போரும் இக்கரிசல் விவசாயியின் களத்துமேடு வரை வந்து போயிற்று. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்தப் போரின் வேர் பருத்திச் செடியோடு பின்னிக் கிடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். இங்கிலாந்தின் ஆலைகள் வாங்கிய பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் கை பறித்தது. தங்கள் பஞ்சு இல்லையேல் இங்கிலாந்து பட்டினி கிடக்கும், ஆகவே தங்களை ஆதரித்தே தீரும் என்று தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிசும் அவரைச் சேர்ந்தோரும் நம்பினர். 1861இல் தாங்களாகவே ஏற்றுமதியை முடக்கினர். முந்தைய ஆண்டின் அமோக விளைச்சலால் இங்கிலாந்தின் கிடங்குகள் நிரம்பி வழிந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆணவம் கணக்குப் பார்ப்பதில்லை போலும்!

ஆயுதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1857இல் நம் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவுக்காக எந்த என்பீல்டு துப்பாக்கியை வெறுத்தார்களோ, அதே துப்பாக்கியை அமெரிக்காவின் இரு தரப்பினரும் இலட்சக்கணக்கில் வாங்கினர். குழலின் உட்புறம் சுழல்வரி வெட்டப்பட்ட அத்துப்பாக்கி, பழைய துப்பாக்கியைவிட மும்மடங்கு தொலைவில் குறி தவறாது சுட்டது. வடக்கின் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்போ நம் பீகாரிலிருந்து இலண்டன் வழியாகச் சென்றது. ஆயுதம் மாறிய அளவுக்குத் தளபதிகளின் மனம் மாறவில்லை. 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில், தெற்கின் தளபதி இராபர்ட் லீ பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திறந்த வெளியில் ஒரு மைல் தூரம் நடக்க வைத்தார். அவர்களில் பாதிப் பேர் மடிந்தனர், காயமுற்றனர், அல்லது பிடிபட்டனர். மறுநாளே மிசிசிப்பி ஆற்றங்கரையில், 47 நாள் முற்றுகைக்குப் பின் விக்ஸ்பர்க் கோட்டை வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது.

இவற்றில் எதுவும் நம்மை நேராகத் தொடவில்லை. தொட்டது, ஓசையற்ற வேறோர் ஆயுதம். 1861 ஏப்ரல் 19 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் தென் மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட ஆணை பிறப்பித்தார். மலைப்பாம்பு இரையை இறுக்குவது போன்ற திட்டம் என்று பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. ஆனால் பாம்பு இறுக்கியது. கிடங்கிலிருந்த பஞ்சு தீர்ந்ததும் இலங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. லிவர்ப்பூல் வணிகர்களின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது.

இந்தியப் பஞ்சு இழை குட்டை என்று ஏளனம் செய்தவர்கள் அவர்கள். 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்தி விவசாயிகளையே கோயம்புத்தூருக்கும் திருநெல்வேலிக்கும் வரவழைத்து நமக்குப் பாடம் சொல்ல வைத்ததும் உண்டு. இப்போது அதே குட்டை இழைக்கு லிவர்ப்பூலில் விலை நான்கு மடங்குக்கும் மேல் ஏறியது. அந்நாளில் தென்பாண்டி நாட்டில் இரயில் கிடையாது. இரயில் மதுரைக்கு வந்ததே 1875இல்தான். கரிசல் பஞ்சு மாட்டு வண்டிகளில் தூத்துக்குடி சென்று, தோணிகளில் ஏற்றப்பட்டு, ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களை அடைந்தது. சென்னை மாகாணத்தில் பருத்தி விளையும் நிலப்பரப்பு பெருகிற்று.

விவசாயிக்குக் காசு வந்தது என்று மகிழுமுன், மதுரை நகரின் தறிகளையும் நாம் நினைக்க வேண்டும். விவசாயியை உயர்த்திய அதே விலை, நூல் வாங்கி நெய்து பிழைத்தவனின் வயிற்றில் அடித்தது. 1834 முதல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனாரும் இப்போரால் வருந்தினர். காகித டாலரின் மதிப்பு சரிந்தபோது, தாய்நாட்டிலிருந்து வரும் நிதியும் சுருங்கியது.

வேலையிழந்து பசித்திருந்த மான்செஸ்டர் தொழிலாளர்கள் செய்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1862 டிசம்பர் 31 அன்று அவர்கள் கூடி, அடிமைகளின் விடுதலையை ஆதரித்து லிங்கனுக்கு மடல் விடுத்தனர். லிங்கன் நன்றியோடு பதில் எழுதினார். அடுப்பு அணைந்திருந்தபோதும் அடுத்தவன் விலங்கு உடையட்டும் என்றவர்களை, எந்தத் தளபதியினும் மேலாகவே நாம் மதிக்கிறோம். நம் கரிசல் விவசாயியிடம் எவரும் அத்தகைய கேள்வியைக் கேட்கவில்லை. விலை ஏன் ஏறியது என்பதையே அவனுக்கு எவர் விளக்கியிருப்பார்?

1865 ஏப்ரல் 9, குருத்து ஞாயிறு. அன்று அப்பமாட்டக்ஸ் என்ற சிற்றூரில் லீ, கிராண்டிடம் சரணடைந்தார். ஐந்தே நாட்களில், பெரிய வெள்ளியன்று இரவு, லிங்கன் சுடப்பட்டார். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற போர் அது. சரணடைந்த வீரர்கள் தங்கள் குதிரைகளை வீட்டுக்கு ஓட்டிச் செல்லக் கிராண்ட் அனுமதி தந்தார். உழவுக்காலம் வந்துவிட்டதே, ஏர் பூட்ட வேண்டாமா என்ற எண்ணம்.

இங்கே அது பங்குனிக் கடைசி. கரிசலில் காய் வெடித்து, பெண்கள் மடி கட்டிப் பஞ்சு எடுக்கும் காலம். லிவர்ப்பூலில் விலை சரியத் தொடங்கிவிட்டது. ஜூலை 1 அன்று பம்பாயில் பஞ்சு வணிகர்கள் கூட்டமாக நொடித்துப் போயினர். தக்காணத்தில் ஏற்றகாலத்தில் கடன் வாங்கிய விவசாயிகள், பத்தாண்டுகள் பொறுத்து, 1875இல் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். நம் பக்கத்து விவசாயி எதையும் கொளுத்தவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடியும் பருத்தியே விதைத்தான்.