ரெட்சினி-எக்ஸ்

ரெட்சினி-எக்ஸ் என்பது அமெரிக்காவின் ரெட் நிறுவனம் தயாரிக்கும் சினிமா கேமராக்கள் பதிவுசெய்யும் ஆர்3டி கோப்புகளைத் திறந்து பார்க்கவும், நிறத்தைச் சரிசெய்யவும், எடிட்டிங்குக்கும் டிஐ எனப்படும் டிஜிட்டல் இன்டர்மீடியட் வேலைக்கும் ஏற்ற வடிவங்களுக்கு மாற்றவும் பயன்படும் கணினி மென்பொருள். இப்போது ரெட்சினி-எக்ஸ் ப்ரோ என்ற பெயரில் விண்டோஸ், மேக் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. டிஜிட்டல் சினிமாவின் வரலாறு என்றால் கேமராக்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவதே வழக்கம். எடுத்த காட்சியை எடிட்டர் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதும் அந்த வரலாற்றில் பாதி.

கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டிதான் இந்த மாற்றும் வேலைக்கெல்லாம் அடிப்படை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட வேண்டும். சாதாரண வீடியோ கேமரா இந்தக் கணக்கைத் தானே முடித்து, உருவான படத்தைச் சேமித்துவிடும். சென்சார் அளந்ததை அப்படியே பதியும் ரா முறையில் இந்தக் கணக்கு பின்னால் கணினியில் நடக்கிறது. ஒயிட் பேலன்ஸும் ஐஎஸ்ஓவும் கோப்பில் வெறும் குறிப்புகளாகத்தான் இருக்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒளிப்பதிவாளருக்கு இது பெரிய சுதந்திரம். அதற்கான வேலைப்பளு எடிட்டிங் அறையின் தலையில் விழுந்தது.

ரெட்டுக்கு முன்பே முயற்சிகள் நடந்தன. டால்சா நிறுவனத்தின் ஒரிஜின் கேமரா 4கே ராவைச் சுருக்காமலே வெளியிட்டது; அந்த டேட்டாவைச் சுமப்பதே பெரும்பாடானது. சுருக்கிய ராவைப் பதிவுசெய்த எஸ்ஐ-2கே என்ற சிறிய கேமரா, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தின் பல காட்சிகளை எடுத்தது. ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

ரெட் ஒன்னும் ஆர்3டியும்

ஓக்லி கண்ணாடி நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் ஜன்னார்ட், 2006இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த என்ஏபி கண்காட்சியில் ரெட் ஒன் கேமராவை அறிவித்தார். விலை 17,500 டாலர். முதல் கேமராக்கள் 2007 ஆகஸ்ட் கடைசியில் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. பீட்டர் ஜாக்சனும் ஸ்டீவன் சோடர்பெர்க்கும் ஆரம்பத்திலேயே இதை எடுத்துக்கொண்டார்கள்; சோடர்பெர்க்கின் ‘சே’ (2008) இதில் எடுக்கப்பட்டதே. தமிழில் அருண் வைத்தியநாதன் அமெரிக்காவில் எடுத்த ‘அச்சமுண்டு அச்சமுண்டு’, கமல்ஹாசனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகிய இரண்டும் 2009இல் ரெட் ஒன்னில் எடுக்கப்பட்டு வெளிவந்தவை.

ரெட்டின் உண்மையான சரக்கு ரெட்கோடு என்ற சுருக்க முறை. 4096 x 2304 புள்ளிகள் கொண்ட ஒரு ஃபிரேம், 12 பிட் ராவில் சுமார் 14 எம்பி. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 340 எம்பி. ரெட்கோடு 28 என்ற அமைப்பு இதை வினாடிக்கு 28 எம்பியாகச் சுருக்கியது. அப்படியும் 8 ஜிபி கார்டில் 5 நிமிடக் காட்சிகூட அடங்காது. ஆனால் இதே காட்சியை டிஐக்காக 10 பிட் டிபிஎக்ஸ் ஃபிரேம்களாக எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறக்குறைய 38 எம்பி ஆகிவிடும். ஒரு மணி நேர ஃபுட்டேஜ் ஆர்3டியாக 100 ஜிபி, டிபிஎக்ஸாக சுமார் 3.3 டிபி. கேமரா மிச்சம் பிடித்ததை மாற்றும் வேலை திரும்பச் செலவழித்தது.

மாற்றும் வேலை

தொடக்கத்தில் ரெட் அலர்ட், ரெட்சினி என்று இரண்டு மென்பொருள்கள் இருந்தன. இரண்டின் வேலையையும் சேர்த்து, 2010ஐ ஒட்டி ரெட்சினி-எக்ஸ் புழக்கத்துக்கு வந்தது. அது திறக்கும் கோப்புகளைக் கேமரா ஃபோல்டர்களில் அடுக்கித் தரும்: ‘.ஆர்டிஎம்’ என்று முடியும் ஃபோல்டர் ஒரு கார்டுக்கு உரியது. அதற்குள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ‘.ஆர்டிசி’ ஃபோல்டர், அதற்குள் ‘.ஆர்3டி’ கோப்புகள். நீளமான ஷாட் 4 ஜிபிக்கு ஒரு துண்டாக உடைந்து 001, 002 என்று தொடரும். கேமராவின் எழுத்து, கார்டு எண், ஷாட் எண், தேதி, கடைசியில் இரண்டு தற்செயல் எழுத்துகள் என எல்லாமே கோப்பின் பெயரில் இருக்கும். எடிட் முடிந்தபின் ப்ராக்ஸியை (எடிட்டிங்குக்கான சிறிய நகலை) எடுத்துவிட்டு மூலக் கோப்பைப் பொருத்துவது இந்தப் பெயரையும் டைம்கோடையும் நம்பித்தான். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று உதவியாளர் யாராவது பெயரை மாற்றிவைத்தால், டிஐ அறையில் ஷாட் ஷாட்டாகத் தேடி ஒட்ட வேண்டிவரும். மென்பொருளில் செய்யும் நிறத் திருத்தம் மூலக் கோப்பைத் தொடுவதில்லை, பக்கத்தில் ‘.ஆர்எம்டி’ என்ற சிறு கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்பைச் சேர்த்துக் கொடுத்தால், ஒளிப்பதிவாளர் தளத்தில் முடிவுசெய்த நிறம் கலரிஸ்டிடம் அப்படியே போகும்.

வேவ்லெட் முறையில் சுருக்கியிருப்பதால் முழு அளவில் விரிக்காமல் பாதியாகவோ காலாகவோ எட்டில் ஒன்றாகவோ மட்டும் விரிக்க முடியும். எடிட்டிங்குக்குத் தேவையான ப்ரோரெஸ் ப்ராக்ஸிகள் இப்படித்தான் விரைவாகத் தயாராயின. முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்வது வேறு கதை. அன்றைய கணினிகளில் சில நிமிடக் காட்சிக்கே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரெட் 2009இல் இதற்கென்றே ரெட் ராக்கெட் என்ற கார்டை 4,750 டாலருக்கு விற்றது. கணினியில் செருகினால் 4கே காட்சியைத் தடங்கலின்றி ஓட்டலாம். கேமராவின் விலையில் கால் பங்குக்கும் மேல் கோப்பைத் திறப்பதற்கே செலவானது!

2010இல் வந்த ஆரி அலெக்ஸா கேமரா இந்த வலியை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. அது கேமராவுக்குள்ளேயே ப்ரோரெஸாகப் பதிவுசெய்தது. கார்டை எடுத்து நேராக எடிட்டரிடம் கொடுத்துவிடலாம். அலெக்ஸாவின் வெற்றிக்கு அதன் நிறமே காரணம் என்பார்கள். மாற்றும் வேலையே இல்லாததும் அதற்குச் சமமான காரணம் என்பதே சரி.

2017இல் ஐபிபி2 என்ற புதிய நிறக் கணக்கை ரெட் கொண்டுவந்தது. இது பழைய ஆர்3டி கோப்புகளுக்கும் பொருந்தும். 2008இல் எடுத்த காட்சியைத் திரும்ப மாற்றினால், அன்று திரையில் தெரிந்ததைவிட மேலான படம் கிடைக்கிறது. ராவாக எடுத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 2019இல் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளே 8கே ஆர்3டியைத் தடையின்றி ஓட்டத் தொடங்கின. ராக்கெட் கார்டுகளின் காலம் முடிந்தது. எடிட்டிங் மென்பொருள்கள் ஆர்3டியை நேரடியாகவே ஏற்பதால், ரெட்சினி-எக்ஸ் இன்று பெரும்பாலும் கோப்பைச் சோதிப்பதற்கும் பழுதான கிளிப்பைப் பார்ப்பதற்கும் தனியாக எக்ஸ்போர்ட் செய்வதற்கும்தான் பயன்படுகிறது.

காப்புரிமையும் நிக்கானும்

கேமராவுக்குள் ராவைச் சுருக்கிப் பதியும் முறைக்கு ரெட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தது. சோனி மீது 2013இல் வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் 2019இல் இந்தக் காப்புரிமையை எதிர்த்துக் கொடுத்த மனு அதே ஆண்டு தள்ளுபடியானது. 2022இல் நிக்கான் மீது வழக்கு. அது 2023இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, 2024 ஏப்ரலில், வழக்கைச் சந்தித்த நிக்கானே ரெட் நிறுவனத்தை முழுவதுமாக வாங்கிக்கொண்டது. உரிமையாளர் மாறிய பிறகும் ரெட்சினி-எக்ஸ் ப்ரோ இலவசமாகவே வருகிறது.